கோக்லே: பொன்னைப் பேசவைத்த மண்பாண்டங்கள்

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பனாமா நாட்டின் எல் கான்யோ என்ற இடத்தில் ஏறத்தாழ 1,200 ஆண்டுப் பழமையான ஒரு தலைவனின் கல்லறை கிடைத்திருப்பதாக அந்நாட்டுப் பண்பாட்டு அமைச்சகம் அறிவித்தது. ஐந்து பொன் மார்புத் தகடுகள், உருண்டைப் பொன்மணிகள் கோத்த இரண்டு இடைவார்கள், நான்கு கடகங்கள், ஆணும் பெண்ணுமாக மனித உருவில் இரண்டு காதணிகள், இரட்டை முதலை வடிவில் இன்னொரு காதணி, பொன்தகடு போர்த்திய திமிங்கலப் பற்கள், நாய்ப்பல் கோத்த ஆடைகள், எலும்புக் குழல்கள் என்று பட்டியல் நீண்டது. உலகம் முழுக்கச் செய்திகள் ‘தங்கக் கல்லறை’ என்றே தலைப்பிட்டன. கூடவே கிடைத்த மட்பாண்டங்கள் பெரும்பாலான செய்திகளில் ஒரு சொல்லோடு முடிந்துபோயின.

அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கோக்லே பண்பாடு என்று இன்று நாம் அழைக்கும் அந்தச் சமூகத்தைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி மண்பாண்டங்கள் வழியாக வந்தது. அந்தப் பொன் எந்தக் காலத்தது, யார் கைவேலை, அதில் பொறித்திருக்கும் கோர உருவங்கள் யாருடைய கற்பனை என்ற கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் பானைகளைக் கேட்டுத்தான் பதில் கிடைத்தது.

வறண்ட சமவெளியும் நிறைந்த கடலும்

பனாமாவின் மத்தியப் பகுதியில், பசிபிக் கடலின் பரீட்டா விரிகுடாவைச் சுற்றிக் கிடக்கும் சமவெளிதான் களம். ஆண்டில் சுமார் நான்கு மாதம் மழையே இல்லாத நிலம். வடக்கே மலைத்தொடர், அதிலிருந்து இறங்கும் ஆறுகள் வண்டலையும் பொன்துகளையும் சேர்த்தே கொண்டுவந்தன. ஆற்றங்கரை வண்டலில் மக்காச்சோளமும் மரவள்ளியும் விளைந்தன. விரிகுடாவில் கடல் கெளிறு முதல் சிறு நெத்திலி வகைகள் வரை அளவில்லாமல் மீன் கிடைத்தது. பிடித்ததை உப்பிட்டுக் காயவைத்து உள்நாட்டுக்கு அனுப்பினார்கள். புல்வெளியில் வெள்ளைவால் மான்கள் திரிந்தன. 1519இல் ஸ்பானியத் தளபதி காஸ்பர் டி எஸ்பினோசா இங்குள்ள ஒரு தலைவனின் களஞ்சியத்துக்குள் நுழைந்தபோது சோளத்தோடும் மீனோடும் ஏறத்தாழ 300 மான்களின் உலர்ந்த இறைச்சி அடுக்கிவைக்கப்பட்டிருந்ததாக எழுதிவைத்தார். அத்தனை பேருக்கு விருந்து வைக்க முடிந்தவன்தான் அங்கே தலைவன்.

இந்தச் சமூகங்களை மானிடவியலாளர்கள் தலைமைக்குடிச் சமூகங்கள் என்கிறார்கள். பல ஊர்கள் ஒரே தலைவனின் கீழ் நிலையாகக் கட்டுண்டிருக்கும். ஆனால் அரசுக்குரிய எழுத்தர்களோ, நிலைப்படையோ, வரிக் கணக்கோ இருக்காது. மாயா நகரங்களைப் போலக் கல் கோபுரங்களும் கிடையாது. அப்படியானால் தலைவனுக்கும் மற்றவனுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணில் காட்டுவது எது? விருந்து, போர், உடம்பில் அணியும் அணி, கடைசியாகச் சாவுச் சடங்கு. பனாமாவின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த குவேவா மக்களைப் பற்றி ஸ்பானியர் எழுதிய குறிப்புகளில் பெருந்தலைவனை ‘கெவி’ என்றும், அவனுக்குக் கீழிருந்த சிறு தலைவர்களை ‘சாக்கோ’ என்றும் சொல்கிறார்கள். போரில் காயம்பட்டு வீரம் காட்டிய சாதாரண ஆளுக்கு ‘கப்ரா’ என்ற பட்டமும் நிலமும் கிடைக்கும். பிறப்பால் வரும் உயர்வோடு, சம்பாதித்துக்கொள்ளும் உயர்வுக்கும் அங்கே வாசல் திறந்திருந்தது.

ஆறு திறந்துவிட்ட கல்லறைகள்

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோக்லே மாகாணத்தின் ரியோ கிராண்டே ஆறு தடம் மாறியது. புதிய தடம் கொந்தே குடும்பத்தாரின் மேய்ச்சல் நிலத்தை அறுத்துக்கொண்டு ஓடியது. கரை இடிய இடியப் பொன்மணிகளும் ஓட்டுத்துண்டுகளும் வெளியே தெரிந்தன. அந்தக் குடும்பத்தாரோடு செய்துகொண்ட உடன்பாட்டின் பேரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பீபாடி அருங்காட்சியகம் 1930 முதல் 1933 வரை அங்கே அகழ்ந்தது. சாமுவேல் லோத்ரப் அதன் முடிவுகளை 1937, 1942 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பெரிய அறிக்கைகளாக வெளியிட்டார். 1940இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்காக ஜே. ஆல்டன் மேசன் வந்து இன்னொரு பகுதியைத் தோண்டினார். சிட்டியோ கொந்தே என்ற பெயர் அப்படித்தான் தொல்லியல் உலகில் நிலைத்தது.

லோத்ரப் 26 என்று எண்ணிட்ட கல்லறையில் 22 பேர் இருந்தார்கள். நடுவில் முக்கியமானவன் உட்கார்ந்த நிலையில். மற்ற 21 பேரும் அவனைச் சுற்றி நீட்டிப் படுக்கவைக்கப்பட்டிருந்தார்கள். மேசன் திறந்த 11ஆம் புதைகுழி மூன்று அடுக்காக இறங்கியது. அதில் 23 பேர். இரண்டிலும் பொன் ஏராளம். அதைவிட ஏராளமாகத் தட்டுகள், சாடிகள், கிண்ணங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை, மண்ணின் பாரத்தில் நொறுங்கியவை, உடல்களுக்கு அடியில் பரப்பியவை. அகழ்ந்தவர்களின் நாட்கள் பெரும்பாலும் இந்த ஓடுகளை ஒட்டவைப்பதிலேயே கழிந்திருக்கும்.

அங்கிருந்து சில கிலோமீட்டரில் உள்ள எல் கான்யோவின் கதை வேறு. 1920களில் ஹயட் வெரில் என்ற அமெரிக்கர் அங்கே வரிசையாக நின்ற கல்தூண்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார். அவர் தோண்டிய இடத்தில் செழிப்பான கல்லறை எதுவும் அகப்படவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து ஹூலியா மாயோ தலைமையிலான குழு, தோண்டுவதற்கு முன் நிலத்தடியைக் கருவிகளால் அளந்து பார்த்து, 2008 முதல் அகழத் தொடங்கியது. கி.பி. 700ஐ ஒட்டி உருவாகி, 1000ஐ ஒட்டிக் கைவிடப்பட்ட ஓர் இடுகாடு அது என்று தெரிந்தது. தலைமுறை தலைமுறையாகத் தலைவர்களை அங்கே புதைத்திருக்கிறார்கள்.

1519இல் எஸ்பினோசா பார்த்தது

மேலே சொன்ன களஞ்சியம் பரீட்டா என்ற தலைவனுடையது. அவனுடைய கதை தனியே சொல்லத் தக்கது. 1515இல் கோன்சாலோ டி படாஹோஸ் என்ற ஸ்பானியன் ஊர் ஊராகப் பொன் பறித்துக்கொண்டு அவன் நாட்டுக்குள் வந்தான். பரீட்டா பொன் கொடுத்தனுப்பி வழியோடு போகச் சொன்னான். அதை வாங்கிக்கொண்ட பிறகும் படாஹோஸ் இரவில் ஊரைத் தாக்கினான். பரீட்டா படை திரட்டி வந்து அடித்த அடியில் ஸ்பானியர் பலர் மடிந்தார்கள். அதுவரை குவித்த பொன்னையெல்லாம் விட்டுவிட்டு ஓடினார்கள். அந்தப் பொன்னை மீட்கத்தான் எஸ்பினோசா மறுபடி மறுபடி வந்தார். 1519இல் வந்தபோது பரீட்டா இறந்து கிடந்தான். அடக்கம் இன்னும் நடக்கவில்லை.

எஸ்பினோசா விவரிக்கும் காட்சி இது. ஒரு வீட்டுக்குள் துணியில் சுற்றிய மூன்று பொதிகள். பெரிய பொதியைப் பிரிக்கப் பிரிக்கத் துணிமேல் துணி. உள்ளே தீயில் உலர்த்தப்பட்ட உடல். தலையில் கிண்ணம் போன்ற பொன் கவசம், கழுத்தில் நான்கைந்து கண்டிகைகள், கைகளில் குழல் வடிவக் காப்புகள், மார்பிலும் தோளிலும் தகடுகள், இடுப்பில் பொன்வார், அதைச் சுற்றிலும் பொன்மணிகள், காலிலும் பொன். தலைமாட்டில் ஒரு பெண்ணின் உடல், கால்மாட்டில் இன்னொரு பெண்ணின் உடல், இருவர்மீதும் பொன். பரீட்டாவோடு புதைக்கப்படுவதற்காகக் கட்டிவைக்கப்பட்டிருந்த சுமார் இருபது கைதிகளையும் ஸ்பானியர் அங்கே கண்டார்கள்.

லோத்ரப் தான் தோண்டிய கல்லறைகளை இந்தக் குறிப்போடு வைத்துப் பார்த்தார். தலைக்கவசம், மார்புத் தகடு, காப்பு, இடைவார், உடன் புதைந்தவர்கள் என்று ஒவ்வொன்றும் பொருந்தியது. இத்தனை பொருந்தும்போது கல்லறைகளும் எஸ்பினோசாவின் காலத்தை ஒட்டியவையாகத்தான் இருக்கும் என்று அவர் முடிவுகட்டினார். ஸ்பானியர் வருவதற்கு முந்தைய சுமார் இருநூறு ஆண்டுக்குள் அவற்றை அடக்கினார்.

பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்த வேண்டியிருந்தது. திருத்தியவை மண்பாண்டங்கள். பரீட்டா விரிகுடாவைச் சுற்றி வெவ்வேறு ஊர்களில், குடியிருப்பு மண்ணை அடுக்கடுக்காக இறக்கி, எந்த வகை ஓடு எதற்கு மேலே, எதற்குக் கீழே கிடக்கிறது என்று பார்த்தார்கள். கூடவே கிடந்த கரித்துண்டுகளுக்குக் கதிரியக்கக் கார்பன் முறையில் வயது கண்டார்கள். தொல்லியலாளர் ரிச்சர்ட் குக்கும் அவரோடு உழைத்தவர்களும் பல பத்தாண்டுகள் செய்த வேலை இது. அதன் முடிவில் ஒரு தெளிவான வரிசை கிடைத்தது: லா மூலா, தொனோசி, குபிட்டா, கொந்தே, மக்கராகாஸ், பரீட்டா, எல் ஹட்டியோ. சிட்டியோ கொந்தேயின் செழித்த கல்லறைகளில் இருந்த தட்டுகள் இந்த வரிசையின் நடுவில், ஏறக்குறைய கி.பி. 700 முதல் 950 வரையான காலத்தில் போய் உட்கார்ந்தன. பொன்னும் அதே குழிகளில் இருந்தது. ஆகவே பொன்னின் காலமும் அதுவே.

அப்படியென்றால் அந்தக் கல்லறைகளுக்கும் எஸ்பினோசா பார்த்த சடங்குக்கும் நடுவே ஐந்நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. இதை இன்றும் பல எழுத்துகள் கவனிப்பதில்லை. 1519இன் சாட்சியத்தை எடுத்து அப்படியே 9ஆம் நூற்றாண்டுத் தலைவனுக்குப் போர்த்திவிடுகிறார்கள். உடலை அலங்கரிக்கும் முறை அவ்வளவு காலம் நீடித்ததே பெரிய செய்தி என்று நான் நினைக்கிறேன். ஆனால் சடங்கு நீடித்ததால் ஆட்சிமுறையும் அப்படியே நீடித்தது என்று சொல்லிவிட முடியாது. எல் கான்யோவில் தலைவர்களைப் புதைப்பது 1000ஐ ஒட்டி நின்றுபோகிறது. அதிகாரம் வேறு ஊர்களுக்குப் போகிறது. குயவர்கள் மட்டும் விடாமல் வேலை செய்கிறார்கள். பாணி மெல்ல மெல்ல மாறிக்கொண்டே அடுத்த பாணியாகிறது.

ஒரு தட்டை அருகில் வைத்துப் பார்த்தால்

கொந்தே பாணியின் தாங்கிக் கால் வைத்த தட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கண்டங்களில் குயவர் சக்கரம் கிடையாது. மண்ணைத் திரித்து வளையம் வளையமாக ஏற்றி, வழித்து, கூழாங்கல்லால் தேய்த்துத்தான் இத்தனை வட்டமான தட்டைச் செய்திருக்கிறார்கள். உட்புறம் முழுக்க வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளைப் பூச்சு. அதன்மேல் கறுப்புக் கோடு, அந்தக் கோட்டுக்குள் சிவப்பு, இன்னோர் இடத்தில் ஊதா. இந்த ஊதாதான் கோக்லேயின் முத்திரை. செம்மையிலிருந்து நீலச் சாம்பல் வரை பல சாயல்களில் வரும்.

தட்டின் நடுவில் ஒருவன் நிற்கிறான். உடல் மனிதனுடையது, இடுப்பில் வார் கட்டியிருக்கிறது. தலை பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது, வாய் முதலையின் வாய், பல்வரிசை முக்கோணம் முக்கோணமாக. தலைக்குப் பின்னாலிருந்து கொண்டை போலக் கிளம்பும் சுருள் தட்டின் விளிம்பு வரை ஓடி மடிந்து திரும்புகிறது. கையிலும் காலிலும் விரலுக்குப் பதில் நகங்கள், விரிந்து, எதையோ பற்றப் போவதுபோல. கால் இரண்டையும் அகட்டி முழங்காலை மடித்து நிற்பதில் ஆட்டத்தின் வேகம் இருக்கிறது. கோடு ஓரிடத்திலும் தயங்கவில்லை. ஓவியனின் கை வளைவின் தொடக்கத்தில் மெல்லியதாகவும் நடுவில் தடித்தும் போய் மறுபடி மெலிகிறது. வெற்றிடம் என்று எதையும் விடாமல் சிறு சுருள்கள் நிரப்புகின்றன. இத்தனை நிரப்பியும் உருவம் பின்னணியில் கரைந்துபோவதில்லை.

இந்தத் தேர்ச்சி திடீரென்று வந்தது அல்ல. இதே விரிகுடாவில் மொனக்ரியோ என்ற இடத்தில் கி.மு. 2500ஐ ஒட்டியே மட்பாண்டம் செய்தார்கள். நடு அமெரிக்காவின் மிகப் பழைய பாண்டங்களில் ஒன்று அது. அலங்காரம் குறைவு, சுவர் தடிமன். கி.மு. கடைசி நூற்றாண்டுகளில் லா மூலா பாணியில் கறுப்பும் சிவப்பும் வெள்ளையும் சேர்கின்றன. தொனோசியில் மனிதர்களும் பறவைகளும் தோன்றுகிறார்கள். குபிட்டாவில் விலங்குகள் பெருகுகின்றன. கொந்தேயில் அவை மனித உடலோடு இணைகின்றன. படிப்படியாக, ஒரே பகுதிக்குள், ஒரு கை இன்னொரு கைக்குக் கற்றுக்கொடுத்து வந்த வளர்ச்சி. பின்வந்த மக்கராகாஸ் பாணியில் முதலை மனிதன் இன்னும் அதிகமாக அலங்கரிக்கப்படுகிறான். பரீட்டா பாணியில் திருக்கை மீனும் கொம்பன் சுறாவும் பறவைகளும் முன்னுக்கு வருகின்றன.

தட்டானின் கையில்

பொன்வேலைக்கு வருவோம். இது தெற்கிலிருந்து, இன்றைய கொலம்பியாவிலிருந்து, கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில் வந்து சேர்ந்த தொழில். அதில் ஐயமில்லை. இரண்டு வழிகளில் வேலை நடந்தது.

ஒன்று வார்ப்பு. மெழுகில் உருவத்தைப் பிடித்து, மேலே களிமண் பூசி, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் உருகிய உலோகத்தை ஊற்றினார்கள். கழுத்தில் தொங்கும் தவளைகளும் வௌவால் முக மனிதர்களும் இறகு விரித்த பறவைகளும் அப்படிப் பிறந்தவை. உலோகம் பெரும்பாலும் செம்பு கலந்த பொன். செம்பு சேர்ந்தால் உருகுவதற்குக் குறைந்த சூடு போதும், அச்சின் நுணுக்கங்களுக்குள் நன்றாக ஓடும், ஆறியபின் கடினமாக நிற்கும். நிறம் மட்டும் செம்மை தட்டும். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். வார்த்ததைச் சூடுகாட்டினால் மேற்பரப்பில் உள்ள செம்பு கறுத்துப் படலமாகும். புளிப்பான பச்சிலைச் சாற்றில் இட்டு அந்தப் படலத்தை நீக்கினால் மேலே பொன் மட்டும் மிஞ்சும். திரும்பத் திரும்பச் செய்து தேய்த்து மெருகேற்றினால் முழுப் பொன்னாகவே ஒளிரும். பச்சிலையைக் கொண்டு இப்படிப் பொன்னிறம் ஏற்றும் வித்தையை ஸ்பானிய வரலாற்றாசிரியர் ஓவியேதோ வியந்து எழுதியிருக்கிறார்.

இன்னொன்று தகட்டு வேலை. சிட்டியோ கொந்தேயின் 11ஆம் புதைகுழியிலிருந்து வந்த மார்புத் தகடுகள் இதன் உச்சம். பொன் கட்டியைத் தட்டித் தட்டி விரிப்பார்கள். தட்டத் தட்டப் பொன் விறைக்கும். நெருப்பில் காட்டி இளக்கி மறுபடி தட்டுவார்கள். ஒரு சாண் அகலத்துக்கும் அதற்கு மேலும் தகடு விரிந்தபின், மென்மையான பரப்பில் கவிழ்த்து, பின்பக்கத்திலிருந்து அழுத்தி உருவத்தைப் புடைக்கச் செய்வார்கள். பிறகு முன்பக்கம் திருப்பிக் கோடுகளைக் கூர்மையாக்குவார்கள். ஓரத்தில் சிறு துளைகள், பருத்தி ஆடையில் வைத்துத் தைக்க. அந்தத் தகட்டில் நிற்பவன் யார்? நாம் தட்டில் பார்த்த அதே ஆள். அதே முதலை வாய், அதே அகட்டிய கால், அதே இடைவார், தலையிலிருந்து கிளம்பும் அதே சுருள். தகட்டில் நிறம் இல்லை. அதற்குப் பதில் வெயில் பட்டால் புடைப்பின் விளிம்புகள் மட்டும் மின்னும். அணிந்தவன் நடந்தால் அந்த உருவம் அசைவதுபோல் தெரியும். இடுப்பில் மணிகள் வேறு ஒலிக்கும்.

பொன் மட்டுமே மதிப்புள்ளது என்றும் அவர்கள் நினைக்கவில்லை. திமிங்கலப் பல், கடற்பசு எலும்பு, சிவந்த கடற்சிப்பி, அகேட் கல், பைரைட் கண்ணாடி, நாய்ப்பல் எல்லாமே அந்தக் குழிகளில் உயர்ந்த இடத்தில் இருக்கின்றன. 11ஆம் புதைகுழியின் ஒரு பொன் விலங்கு முதுகில் பெரிய மரகதம் சுமக்கிறது. பனாமாவில் மரகதம் விளைவதில்லை. கொலம்பிய மலைகளிலிருந்து கைமாறிக் கைமாறித்தான் வந்திருக்க வேண்டும். எதிர்த்திசையில், இந்த நிலப்பகுதியின் பொன் வார்ப்புகள் மெக்சிகோவின் சிச்சென் இட்சா நகரத்துப் புனிதக் கிணற்றின் அடி வரை போயிருக்கின்றன.

யார் செய்தார்கள் என்ற சண்டை

இத்தனை தொலைவுத் தொடர்பு இருந்ததைக் காட்டித்தான் 1979இல் மானிடவியலாளர் மேரி ஹெல்ம்ஸ் ஒரு வலுவான கருத்தை முன்வைத்தார். பனாமாத் தலைவர்களுக்கு அதிகாரம் தந்தது தொலைதூரம். கொலம்பியாவின் பொன்வேலை மையங்களோடு உறவாடி, அங்கிருந்து வரும் பொருளையும் அறிவையும் தம் வசம் வைத்திருந்ததால் அவர்கள் மதிப்புப் பெற்றார்கள். அரிய வேலைப்பாடுள்ள பொன் பெரும்பாலும் அங்கேதான் செய்யப்பட்டது என்றார். 1513இல் ஸ்பானியத் தளபதி பல்போவா எழுதிய கடிதம் டபெய்பே என்ற தொலைவிடத்தைப் பொன்னின் ஊற்றாகச் சொல்வது அவருக்குத் துணை நின்றது. படிக்கச் சுவையான வாதம். தலைவன் என்பவன் எட்டாத தூரத்தைத் தொட்டு வந்தவன் என்ற பார்வையில் உண்மையும் இருக்கிறது.

ஆனால் இந்த வாதம் மண்பாண்டங்களுக்கு முன் தடுமாறுகிறது. பொன்தகட்டில் நிற்கும் முதலை மனிதன் கொலம்பியாவில் கிடையாது. அவன் பரீட்டா விரிகுடாவின் தட்டுகளில், தலைமுறை தலைமுறையாக உருமாறி வந்தவன். பானை எழுதியவனும் தகடு புடைத்தவனும் ஒரே ஊர்க் கூட்டத்தில் ஒரே கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களாக இல்லாவிட்டால் சுருளின் வளைவு வரை இப்படி ஒத்துப்போகாது. குக்கும் இன்னொரு தொல்லியலாளரான வார்விக் பிரேயும் பாணி, காலம் இரண்டையும் வைத்து இதைக் காட்டினார்கள். தொழில் தெற்கிலிருந்து வந்தது, சில பொருள்களும் வந்தன, ஆனால் கோக்லே பொன் பெரும்பாலும் கோக்லேயின் கைவேலை என்பதே இன்று வலுவாக நிற்கும் முடிவு.

அந்த உருவங்கள் எதைச் சொல்கின்றன? 1977இல் பனாமாவைச் சேர்ந்த மானிடவியலாளர் ஓல்கா லினாரெஸ் அழகான ஒரு விடை சொன்னார். அவர்கள் எதைத் தின்றார்களோ அதை அதிகம் வரையவில்லை. எது கடிக்குமோ, கொட்டுமோ, நஞ்சு வைத்திருக்குமோ, பாய்ந்து பிடிக்குமோ அதைத்தான் வரைந்தார்கள். முதலை, சுறா, திருக்கை, தேள், நண்டு, வல்லூறு. போரில் பெயரெடுத்து உயரும் சமூகத்தில், வீரனுக்கு வேண்டிய குணங்களின் அகராதி இது என்பது அவர் வாதம். குக் பின்னர் எலும்புகளையும் ஓவியங்களையும் இன்னும் நுணுக்கமாக ஒப்பிட்டுச் சில இடங்களில் மறுத்தார். உணவாகும் மானும் ஓவியத்தில் உண்டு, தவளையும் ஆமையும் உண்டு. எனக்கு லினாரெஸின் பார்வை முழுதும் சரியாகப் படவில்லை என்றாலும், தலைவனின் மார்பில் போய் உட்காரும் உருவம் எது என்ற கேள்விக்கு அது நெருக்கமாக வருகிறது. மார்புத் தகடுகளில் ஆதிக்கம் செலுத்துவது பல்லும் நகமும்தான்.

புதைத்துவிட்டால் வாரிசுக்கு என்ன மிஞ்சும்?

நான் திரும்பத் திரும்ப யோசிக்கும் கேள்வி இது. ஒரு தலைவன் சாகும்போது அவன் அணிந்த பொன்னும், அவனுக்காக எழுதிய தட்டுகளும் மண்ணுக்குள் போகின்றன. மகனுக்கு வெறுங்கை. அவன் மறுபடி பொன் சேர்க்க வேண்டும், தட்டார்களையும் குயவர்களையும் ஊட்டி வளர்க்க வேண்டும், விருந்து வைக்க வேண்டும், போருக்குப் போக வேண்டும். உயர்குடியில் பிறந்தாலும் தலைமையை ஒவ்வொரு தலைமுறையும் கண்முன்னே நிறுவிக் காட்ட வேண்டியிருந்தது. குயவர்களும் தட்டார்களும் இத்தனை தேர்ந்ததற்கு இந்த ஓயாத தேவையும் காரணம் என்பது என் எண்ணம். செய்ததெல்லாம் அழிந்துகொண்டே இருந்ததால் செய்வது நிற்கவே இல்லை.

பிறப்புக்கும் எடை இருந்தது. எல் கான்யோவில் தலைவன் ஒருவனின் கல்லறையில் பொன்னணிகளோடு சிறு குழந்தையின் எலும்புகளும் கிடைத்தன. போரில் பெயரெடுக்கும் வயதில்லாத குழந்தைக்குப் பொன் பூட்டியிருந்தால், அது குடிவழி வந்த உயர்வாகத்தான் இருக்க வேண்டும் என்று மாயோ வாதிடுகிறார். உடன் புதைந்த பெரியவர்கள் யார் என்பது இதைவிடக் கடினமான கேள்வி. பரீட்டாவுக்காகக் கட்டிவைக்கப்பட்டவர்கள் போர்க் கைதிகள். கிழக்கே குவேவா நாட்டில் மனைவியரும் பணியாட்களும் தாமே விரும்பி உடன் போனதாகவும் குறிப்புகள் உண்டு. அந்த ‘விருப்பம்’ என்ற சொல்லை நான் நம்பத் தயங்குகிறேன்; எழுதியவர்கள் ஸ்பானியர், கேட்டறிந்தது உயிரோடிருந்த மேட்டுக்குடியினரிடம்.

எல்லாத் தலைவர்களையும் புதைக்கவும் இல்லை. கிழக்குப் பகுதியில் கொமோக்ரே என்ற தலைவனின் மாளிகையில் முன்னோர்களின் உலர்ந்த உடல்கள் பருத்தித் துணியில் சுற்றி, பொன் அணிந்து, ஓர் அறையில் தொங்கியதை பல்போவாவின் ஆட்கள் கண்டார்கள். அங்கே பொன் கண்ணை விட்டு மறையாமல் முன்னோரோடு வீட்டிலேயே இருந்தது.

அந்த வீட்டில் நடந்ததாகப் பீட்டர் மார்ட்டர் என்ற இத்தாலிய அறிஞர் எழுதிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. அவர் அமெரிக்காவுக்கு வந்தவர் அல்லர். ஸ்பெயின் அரசவையில் இருந்துகொண்டு, திரும்பி வந்தவர்கள் சொன்னதைத் தன் நடையில் எழுதினார். கொமோக்ரேயின் மூத்த மகன் விருந்தினருக்குப் பொன் அணிகளைக் கொடுக்கிறான். அவர்கள் அதைத் தராசில் நிறுத்துப் பங்கு பிரிப்பதில் சண்டை பிடிக்கிறார்கள். அவன் தராசைத் தட்டிவிட்டுச் சொல்கிறானாம்: அழகாகச் செய்த அணிகளை உருக்கிக் கட்டியாக்குகிறீர்களே, வேலை செய்யாத பொன்னை நாங்கள் மண்கட்டியை விட மேலாக மதிப்பதில்லை, கைவினைஞன் அதை எங்களுக்குப் பிடித்த பொருளாக ஆக்கும்போதுதான் அதற்கு மதிப்பு. மார்ட்டரின் அலங்காரம் இதில் எவ்வளவு என்று பிரித்தெடுக்க முடியாது. ஆனால் கல்லறைகளில் பொன்னும் பாண்டமும் தோளோடு தோள் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பேச்சு அந்நியமாக இருக்காது.

உருக்கியதும் எஞ்சியதும்

பறித்த பொன்னை ஸ்பானியர் உருக்கினார்கள். அரசனுக்கு ஐந்தில் ஒரு பங்கு எடுத்து வைக்க வேண்டும். கட்டியாக இருந்தால்தான் நிறுக்கவும் பிரிக்கவும் எளிது. பரீட்டாவின் உடலில் எஸ்பினோசா பார்த்த தலைக்கவசமும் தகடுகளும் அப்படியே போயின. 1522இல் நாட்டா என்ற தலைவனின் ஊரிலேயே ஸ்பானியர் தங்கள் நகரத்தை நிறுவினார்கள். அது இன்றும் நாட்டா என்ற பெயரோடு, எல் கான்யோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து புறப்பட்ட படைகளை மேற்கு மலைகளில் உர்ராகா என்ற தலைவன் ஏறத்தாழ பத்து ஆண்டு எதிர்த்து நின்றான். பனாமாவின் ஒரு சென்டெசிமோ நாணயத்தில் இருக்கும் முகம் அவனுடையது. சமவெளி மக்கள் போரிலும் நோயிலும் அடிமைத் தொழிலிலும் அழிந்தார்கள். எல் ஹட்டியோ பாணியோடு கோக்லே ஓவியக் குயவரின் வரிசை முடிந்துபோகிறது.

பாண்டங்களை உருக்க முடியாது என்பதால் அவை தப்பின. ஆனால் புதையல் தோண்டுவோரிடம் தப்பவில்லை. பொன்னுக்காகக் குழியைக் கலைத்தால் எந்தத் தட்டு யாருக்கு மேலே இருந்தது, எந்தத் தகடு எந்தச் சாடியோடு கிடந்தது என்பதெல்லாம் ஒரே இரவில் போய்விடும். சந்தைக்கு வரும் தகடு அழகாகவே இருக்கும். அதைப் பற்றிப் பேச எதுவும் மிச்சமிருக்காது. தனியார் சேகரிப்புகளில் இருக்கும் கோக்லே பொன் பலவற்றின் நிலை இதுதான்.

முறையாக அகழ்ந்தவையும் ஒன்றுசேர்ந்து இல்லை. சிட்டியோ கொந்தேயின் பெரும்பகுதி ஹார்வர்டிலும் பிலடெல்பியாவிலும் இருக்கிறது; எல் கான்யோவில் கிடைத்தது பனாமாவில். சில கிலோமீட்டர் இடைவெளியில், ஒரே நூற்றாண்டுகளில், ஒருவேளை ஒரே தட்டார் குடும்பங்களின் கையால் ஆனவை இவை. எந்தத் தகட்டையும் எந்தத் தட்டையும் ஒரே கை வரைந்திருக்கிறதா என்று கோட்டுக்குக் கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் மூன்று இடங்களின் பொருள்களும் ஒரே மேசைக்கு வர வேண்டும். ஒட்டவைத்த தட்டுகளையும் சேர்த்து முழுத் தொகுப்பும் பனாமாவுக்குத் திரும்ப வேண்டும் என்பது என் விருப்பம். அது நடக்கும்வரை, ஒவ்வோர் ஓட்டுத்துண்டையும் எல்லாப் பக்கமும் படமெடுத்து மூன்று நிறுவனங்களும் பொதுவில் வைத்தாலே அந்த ஒப்பீட்டைத் தொடங்கிவிடலாம்.